தூணில் யார் பெயர்?

லண்டன் பாடிங்டன் ஸ்டேஷன் டிக்கெட் கவுண்டரில், 'ஃப்ரோமுக்கு ரெண்டு' என்றேன். கவுண்டருக்குள்ளே இருந்தவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். எழுதிக் காட்டினேன். 'ஓ, ஃப்ரூம்!' என்று திருத்திவிட்டு டிக்கெட்டை நீட்டினார். வெள்ளைக்காரன் எழுதுவது ஒன்று, வாசிப்பது ஒன்று. தூத்துக்குடியை 'டூட்டிகோரின்' ஆக்கியவனிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும்?

ஆபீஸ் வேலையாக ஆறு மாசம் இங்கிலாந்தில் இருந்தபோது நடந்தது இது. என் அறைத்தோழன் மதுரைக்காரன். எனக்குப் பத்து வயது இளையவன், 'அண்ணே' என்பான். சனிக்கிழமையானால் அவனுக்கு ஃபுட்பால் கிரவுண்டைப் பார்க்க வேண்டும், எனக்குப் பழைய கட்டடம் பார்க்க வேண்டும். அந்த வாரம் காசு போட்டுப் பார்த்ததில் பழைய கட்டடம் ஜெயித்துவிட்டது. நவம்பர் மாசம். குளிரில் மூக்கு இருக்கிறதா என்று அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஃப்ரூமில் இறங்கி, பஸ்ஸை விட்டுவிட்டு, சுமார் அஞ்சு கிலோமீட்டர் நடந்து, மெல்ஸ் என்ற குக்கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். சாமர்செட் மாவட்டம். ஒரு கடை, ஒரு பப், ஒரு கோயில். அதாவது சர்ச்.

ஊர் நடுவே ஒரு தூண்.

'இதுக்காண்ணே இவ்வளவு தூரம்?' என்றான்.

நியாயமான கேள்விதான். உயரமென்று சொல்ல முடியாது, வேலைப்பாடு இல்லை, கோடு கிழித்த அலங்காரம்கூட இல்லை. டஸ்கன் என்று சொல்கிற ரகம். கிரேக்க, ரோமானியத் தூண்களிலேயே மிகவும் எளிமையானது. நம் பக்கத்தில் பழைய வீட்டுத் திண்ணையில் மொழுமொழுவென்று நிற்குமே, அதற்கு ஒன்றுவிட்ட அண்ணன். உச்சியில் செயின்ட் ஜார்ஜ் டிராகனைக் குத்திக்கொண்டிருக்கிறார். தூணுக்கு இரண்டு பக்கமும் உள்ளூர்க் கல்லை ஒழுங்கில்லாமல் அடுக்கிக் கட்டின சுவர், அதில் பெயர் வெட்டின பலகைகள். சுவரோடு சேர்த்து உட்கார இருக்கை. பின்னால் யூ மரத்தை வேலியாக வெட்டி விட்டிருக்கிறார்கள். யூ என்றால் இங்கிலாந்தில் கல்லறைத் தோட்டத்து மரம். நூற்றுக்கணக்கான வருஷம் நிற்கும், வருஷம் பூரா பச்சை.

'கட்டினது யாரு தெரியுமா? டெல்லி ராஷ்டிரபதி பவனைக் கட்டினவர். எட்வின் லட்யன்ஸ்' என்றேன்.

'அவரா இதை?' என்று தூணை மறுபடி ஏறிட்டான். குடியரசுத் தலைவர் மாளிகை கட்டினவர் நம் தெருவுக்கு வந்து குழாயடி கட்டிக் கொடுத்த மாதிரி ஒரு பார்வை.

தேதிகளைப் பாருங்கள். டெல்லி இந்தியா கேட்டுக்கு அடிக்கல் நாட்டியது 1921 பிப்ரவரி. மெல்ஸ் தூணைத் திறந்தது அதே 1921, ஜூன் மாசம். இரண்டும் ஒரே ஆள் போட்ட படம். அது 42 மீட்டர் உயரம், இதை நிமிர்ந்து பார்த்தால் கழுத்து வலிக்காது. இரண்டுக்கும் காரணம் ஒரே சண்டை, 1914-18.

லட்யன்ஸுக்கு இந்த ஊர் புதிதல்ல. ஊர்ப் பண்ணையார் குடும்பமான ஹார்னர் வீட்டோடு நெடுநாள் சிநேகம். ஹார்னர் என்றதும் எல்.கே.ஜி. ஞாபகம் வருகிறதா? மூலையில் உட்கார்ந்து பலகாரத்துக்குள் கட்டைவிரலை விட்டு ஒரு பழத்தை எடுத்தானே ஜாக் ஹார்னர், அவன் இந்தக் குடும்பம்தான் என்று ஒரு கதை உண்டு. எட்டாம் ஹென்றி மடாலயங்களைப் பிடுங்கிக்கொண்டிருந்த காலத்தில், கிளாஸ்டன்பரி மடாதிபதி ராஜாவைக் குளிரவைக்கப் பன்னிரண்டு கிராமத்துப் பத்திரங்களை ஒரு பலகாரத்துக்குள் ஒளித்துக் கொடுத்தனுப்பினாராம். கொண்டுபோன ஹார்னர் வழியில் ஒன்றை உருவிக்கொண்டார், அதுதான் மெல்ஸ் என்கிறது ஊர்ப் பேச்சு. 'இல்லை, காசு கொடுத்து வாங்கினோம்' என்பது குடும்பத்தின் பதில். எந்த ஊர் ஜமீனைக் கேட்டாலும் இதே பதில்தான் வரும்.

1919ல் லட்யன்ஸ் இங்கே வந்து, ஊரை நடந்து சுற்றி இடம் தேர்ந்தெடுத்தார். அதைப்பற்றி மனைவிக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். ஊர் இளைஞர்களெல்லாம் செத்துப் போனார்கள் என்ற துக்கம் அதில் கனக்கிறது. அந்த மனைவி எமிலி யார் தெரியுமா? நம் அடையாறு பிரம்மஞான சபையில் தீவிர ஈடுபாடு கொண்டவர். ஜே.கிருஷ்ணமூர்த்தியை 1911ல் சிறு பையனாக லண்டனுக்குக் கூட்டி வந்தபோது அம்மா மாதிரி பார்த்துக்கொண்டவர். கணவர் கல்லோடு மல்லாடிக்கொண்டிருக்க, மனைவி ஆத்மாவோடு மல்லாடிக்கொண்டிருந்திருக்கிறார். பொருத்தமான ஜோடி!

லட்யன்ஸின் வேலையில் என்னைக் கவர்வது கண்ணுக்குத் தெரியாத கணக்கு. லண்டன் ஒயிட்ஹாலில் அவர் கட்டின செனடாஃப் இருக்கிறதே, 1920ல் திறந்த காலிக் கல்லறை, அதைப் பார்த்தால் நேர்க்கோட்டுக் கல்பெட்டி என்று சத்தியம் பண்ணுவீர்கள். ஆனால், அதில் ஒரு கோடுகூட நேர் இல்லை. நெட்டுக்குத்துக் கோடுகளை மேலே நீட்டிக்கொண்டே போனால் ஆயிரம் அடி உயரத்தில் ஒன்று சேரும். படுக்கைக் கோடுகள் எல்லாம், தரைக்கு 900 அடி கீழே மையம் கொண்ட வட்டத்தின் வில். ஏன் இந்த வம்பு? சுத்தமான நேர்க்கோடு நம் கண்ணுக்கு உள்ளே குழிந்த மாதிரி தெரியும், உயிர் இல்லாமல் இருக்கும். லேசாகப் பிதுக்கினால்தான் நேராக, உயிரோடு தெரியும். கிரேக்கர்கள் தூணில் செய்த பழைய தந்திரம் இது. சிலுவை, தேவதை, அழுகிற அம்மா எதுவும் செனடாஃபில் இல்லை. செத்தவர்களில் இந்து, முஸ்லிம், யூதர், நாத்திகர் எல்லாரும் உண்டு, அதனால் மதச் சின்னம் வேண்டாம் என்பது லட்யன்ஸ் கட்சி. மெல்ஸிலோ ஊருக்காக ஒரு ஜார்ஜை ஏற்றி உட்கார வைத்துவிட்டார்.

எனக்கு ரொம்பப் பிடித்தது அந்த இருக்கைதான். நினைவுச் சின்னம் என்றால் நம் ஊரில் முதல் வேலை கம்பி வேலி, இரண்டாவது வேலை கேட்டில் பூட்டு. இங்கே, 'வா, உட்கார்' என்கிறது. நாங்களும் உட்கார்ந்தோம். கல், ஐஸ். உடனே எழுந்துவிட்டோம்.

'ஊருக்கு ஊர் ஏண்ணே இதைக் கட்டி வச்சிருக்கான்?'

இந்தக் கேள்வியை நானும் யோசித்திருக்கிறேன். இங்கிலாந்தில் எந்தப் பட்டிக்குப் போனாலும் ஒரு சிலுவையோ, தூணோ, ஸ்தூபியோ நிற்கும். அதற்கு முந்தைய சண்டைகளில் தளபதிக்குத்தான் சிலை, சிப்பாய்க்குக் குழி. இந்தத் தடவை ஏன் மாறியது? காரணம், பிணம் வீட்டுக்கு வரவில்லை. 1915லேயே அரசாங்கம் உத்தரவு போட்டுவிட்டது. செத்த இடத்திலேயேதான் புதைக்க வேண்டும், யாரும் தோண்டி எடுத்து வரக்கூடாது. பணக்காரன் மட்டும் கப்பல் பிடித்துத் தன் பிள்ளையைக் கொண்டுவந்துவிடுவான், ஏழை என்ன செய்வான் என்பது அதில் ஒரு நியாயம். சண்டை முடிந்ததும் ஆயிரக்கணக்கான பேர் கையெழுத்துப் போட்டு, 'எங்கள் பிள்ளைகளைத் தாருங்கள்' என்று மனுக் கொடுத்தார்கள். கிடைக்கவில்லை. பிரிட்டன் மட்டுமே ஏழு லட்சத்துக்கும் மேல் பறிகொடுத்திருந்தது. அதில் பலருக்கு உடம்பே கிடைக்கவில்லை. பிரான்ஸில் தியெப்வால் என்ற இடத்தில் இதே லட்யன்ஸ் கட்டின வளைவில், உடல் கிடைக்காத 72 ஆயிரம் பேரின் பெயர் இருக்கிறது.

ஒரு அம்மா பூவை எங்கே வைப்பாள்? அதற்குத்தான் ஊர் நடுவே ஒரு கல். ஊரார் வசூல் போட்டுக் கட்டினார்கள். செத்த உடம்புக்குப் பதிலாக ஒரு பெயர். நம் ஆட்கள் நடுகல் நட்டதும் கிட்டத்தட்ட இதே கணக்குத்தான். ஆநிரை மீட்கப் போய்ச் செத்தவனுக்குக் கல் தேடி, நீராட்டி, நட்டு, படையல் போடுவது வரை தொல்காப்பியம் வரிசை சொல்லியிருக்கிறது.

யாரும் சாகாத ஊர்களும் உண்டு. போன பையன்கள் அத்தனை பேரும் உயிரோடு திரும்பி வந்த கிராமங்கள். ஆர்தர் மீ என்ற எழுத்தாளர் 1930களில் அவற்றுக்கு 'நன்றியுள்ள கிராமங்கள்' என்று பேர் வைத்தார். ஆயிரக்கணக்கான கிராமங்களில், தேடித்தேடிப் பார்த்ததில் ஐம்பது சொச்சம்தான் தேறின.

சர்ச்சுக்குள் போனோம். குளிருக்கு இதமாக இருக்கும் என்று நினைத்தால் உள்ளே இன்னும் குளிர். அங்கே ஒரு பெரிய குதிரை, அதன் மேல் ஒரு இளைஞன். ஹார்னர் வீட்டின் கடைசி ஆண் வாரிசு எட்வர்ட். 1917 நவம்பரில் காம்ப்ரே சண்டையில் செத்தவர். சிலை செய்தவர் ஆல்ஃப்ரெட் மன்னிங்ஸ், குதிரை ஓவியத்துக்குப் பேர் போனவர். கீழே பீடம் நம் லட்யன்ஸ். பீடத்தின் பின்பக்கம் போய்ப் பாருங்கள், பிரான்ஸில் அவர் குழி மேல் நட்டு வைத்திருந்த சாதாரண மரச் சிலுவையை அப்படியே பதித்திருக்கிறார்கள். வெண்கலக் குதிரையைவிட அந்த மரக்கட்டைதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. எட்வர்டின் அக்கா காதரினைக் கட்டின ரேமண்ட் ஆஸ்குவித் 1916 செப்டம்பரில் சோம் சண்டையில் போனார். அப்போது அவருடைய அப்பாதான் பிரிட்டிஷ் பிரதமர். பிரதமர் மகனே செத்திருக்கிறான் என்பதை மதுரைக்காரனால் நம்பவே முடியவில்லை. 'நெசமாவாண்ணே? மந்திரி மகன் மிலிட்டரிக்குப் போனானா?' என்று இரண்டு தடவை கேட்டான். ரேமண்டுக்கும் சுவரில் லத்தீன் கல்வெட்டு இருக்கிறது. எரிக் கில் செதுக்கிய எழுத்து, அவ்வளவு அழகு.

வெளியே வந்ததும் அவன் சொன்னான், 'ஊருக்கெல்லாம் சேர்த்து ஒரு தூணு, பண்ணையார் வீட்டுக்குத் தனியாக் குதிரை. எல்லா ஊரும் ஒண்ணுதாண்ணே.'

நான் அரைமணி நேரமாக மனசில் வாக்கியம் தேடிக்கொண்டிருந்த விஷயத்தை அவன் பட்டென்று சொல்லிவிட்டான். எரிச்சலாக இருந்தது.

தூணுக்குத் திரும்பி வந்தோம். சிவப்புக் காகிதப் பாப்பி வளையங்கள் மழையில் நனைந்து கிடந்தன. பெயர்களை விரலால் தொட்டுக்கொண்டே வந்தவன், 'சண்டைக்குப் பயந்து ஓடிப் போயிருப்பானுகளே, அவனுக பேரும் இருக்குமா?' என்றான்.

அதற்கு ஒரு கதை இருக்கிறது. இந்த ஊரில் இல்லை, லிங்கன்ஷயரில் ஃபுல்ஸ்டோ என்ற கிராமத்தில். அந்த ஊர்ச் சிப்பாய் சார்லஸ் கர்மன், படையை விட்டுச் சொல்லாமல் போனதற்காக 1917 செப்டம்பரில் சொந்தப் படையாலேயே சுடப்பட்டார். முதல் போரில் இப்படி விடியற்காலையில் நிற்க வைத்துச் சுட்டவர்கள் என்று 306 பேரைக் கணக்குச் சொல்கிறார்கள். பலர் குண்டுச் சத்தத்தில் புத்தி பேதலித்தவர்கள் என்று இன்றைய டாக்டர்கள் சொல்லக்கூடும். சண்டை முடிந்து ஃபுல்ஸ்டோவில் நினைவுச் சின்னம் வைக்கப் பேச்சு எழுந்தபோது, கர்மன் பெயர் அதில் வரக்கூடாது என்று சொல்லப்பட்டது. ஊரார் என்ன செய்தார்கள் தெரியுமா? 'அவன் பெயர் இல்லையென்றால் எங்கள் பிள்ளைகள் பெயரும் வேண்டாம்' என்று விட்டுவிட்டார்கள். தன் மகன் பெயரைக் கல்லில் பார்க்காமலே எத்தனை அம்மாக்கள் செத்திருப்பார்கள்! எண்பது வருஷத்துக்கும் மேல் அந்த ஊரில் கல்லே கிடையாது. 2005ல்தான் பலகை வைத்தார்கள், கர்மன் பெயரோடு. அரசாங்கம் அந்த 306 பேருக்கும் மன்னிப்பு வழங்கியது அடுத்த வருஷம், 2006ல். அரசாங்கத்தை ஊர் ஒரு வருஷம் முந்திக்கொண்டது.

பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. ஃப்ரூம் ஸ்டேஷன் வரை பேசவில்லை. அவனுக்கு அது சாதனை.

ரயிலில் உட்கார்ந்து, கையைத் தேய்த்துக்கொண்டு, 'எங்க அப்பத்தாவோட சித்தப்பா ஒருத்தரு பஸ்ரா சண்டைக்குப் போனாருண்ணே' என்று ஆரம்பித்தான். பஸ்ரா, மெசபடோமியா, இன்றைய இராக். போனவரைப் பற்றித் தகவல் இல்லை. செத்தார் என்று கடுதாசி வந்ததா, வந்து யாருக்கும் படிக்கத் தெரியவில்லையா, அதுவும் தெரியாது. அவர் சம்சாரம் மட்டும் பொட்டை அழிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டது. நாற்பது வருஷம் தாலியோடு இருந்து, தாலியோடேயே போய்ச் சேர்ந்தது. கல்யாண வீடுகளில் அதைக் கூப்பிடுவதா வேண்டாமா என்று ஒவ்வொரு தடவையும் சண்டை வருமாம். கூப்பிட்டால் அபசகுனம் என்று ஒரு கட்சி, புருஷன் செத்ததை நீ பார்த்தியா என்று ஒரு கட்சி.

'அவரு பேரு எங்கயாச்சும் கல்லுல இருக்குமாண்ணே?'

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று இப்போதும் தோன்றுகிறது. அந்தப் போருக்கு இந்தியாவிலிருந்து கடல் கடந்து போனவர்கள் பத்து லட்சத்துக்கு மேல். செத்தவர்கள் எழுபதாயிரத்துக்கு மேல். இந்தியா கேட்டில் வெட்டியிருப்பது பதின்மூவாயிரம் சொச்சம் பெயர்தான். நம் கிராமங்கள் பலவற்றில் வெள்ளைக்காரன் சலவைக்கல் பதித்தான். இந்த ஊரிலிருந்து சண்டைக்குப் போனவர் இத்தனை, அதில் உயிர் விட்டவர் இத்தனை என்று எழுதி. பெயர் கிடையாது. அவன் கிராமத்துக்குப் பெயர், நம் கிராமத்துக்கு எண்ணிக்கை.

பஸ்ராவில் ஒரு பெரிய நினைவு மண்டபம் 1929ல் திறந்தார்கள். கல்லறை இல்லாத நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக. 1997ல் சதாம் உசேன் உத்தரவில் அதைப் பெயர்த்து, முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் பாலைவனத்தில் கொண்டுபோய் மறுபடி கட்டினார்கள். அதில் வெள்ளைக்காரச் சிப்பாய்க்கெல்லாம் பெயர் உண்டு. இந்தியர்களில் ஆபீசர்களுக்கு மட்டும் பெயர். சாதாரணச் சிப்பாய் என்றால், இன்ன ரெஜிமென்ட், இத்தனை பேர். அவ்வளவுதான். பதவி பார்க்க மாட்டோம், இனம் பார்க்க மாட்டோம், எல்லாருக்கும் ஒரே கல் என்று கொள்கை அறிவித்த அதே யுத்தக் கல்லறை கமிஷன் செய்தது இது. 2021 ஏப்ரலில் கமிஷனே ஒரு அறிக்கை வெளியிட்டு ஒப்புக்கொண்டது. ஆசியா, ஆப்பிரிக்காவைச் சேர்ந்தவர்களில் குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை மூன்றரை லட்சம் பேர் வரை, பெயர் சொல்லியோ அல்லது மொத்தமாகவோ விடுபட்டுப் போனார்கள் என்று. பாராளுமன்றத்தில் ராணுவ மந்திரி மன்னிப்புக் கேட்டார்.

'நம்பரா?' என்றான். 'மொட்டையா நம்பரா?'

'கல்லில்தான் நம்பர். ரிஜிஸ்தரில் பேர் இருக்கலாம். கமிஷன் வெப்சைட்டில் தேடலாம்.'

போனை எடுத்தான். பெயரை இங்கிலீஷில் அடித்தான். ஒன்றும் இல்லை. மறுபடி அடித்தான். வெள்ளைக்கார குமாஸ்தா நம்ம ஊர்ப் பெயரை எப்படிக் காதில் வாங்கி, எப்படி எழுதியிருப்பான் என்று நாங்கள் இரண்டு பேரும் யூகிக்க ஆரம்பித்தோம். 'ழ'வை 'எல்' என்று போட்டிருப்பானா, 'இஸட்' என்றா? கடைசியில் 'அன்' போட்டானா, 'எம்' போட்டானா? ஃப்ரோமை ஃப்ரூம் என்று படிக்கிறவனாயிற்றே! எதிர் சீட்டு அம்மாள் எங்களைக் குறுக்கெழுத்துப் போட்டிக்காரர்கள் என்று நினைத்திருக்க வேண்டும். ஒன்பதாவது ஸ்பெல்லிங்கில் மூன்று பேர் வந்தார்கள். மூவருமே பஸ்ரா மண்டபம். ஒருவர் மெட்ராஸ் சாப்பர்ஸ் படை, இரண்டு பேர் கூலிப் படை. சிலருக்கு இன்னார் மகன், இன்ன ஊர் என்று குறிப்பு இருக்கும். இந்த மூன்று பேருக்கும் அது இல்லை.

மணி சாயங்காலம் ஆறு. ஊரில் இரவு பதினொன்றரை. 'நாளைக்குப் பேசுடா' என்றேன். கேட்கவில்லை. அப்பாவைக் கூப்பிட்டுவிட்டான்.

'என்னடா இந்நேரத்துல, ஒடம்புக்கு என்ன?' என்று அவர் பதறுவது எனக்கே கேட்டது.

விஷயத்தைச் சொன்னான். அந்தப் பக்கம் சத்தமில்லை. போன் கட்டாகிவிட்டதோ என்று எடுத்துப் பார்த்து மறுபடி காதில் வைத்தான்.

'ஊர் பேரு போட்டிருக்கா?'

'இல்லப்பா. மூணு பேரு இருக்காக. நம்மாளு எதுன்னு தெரியல.'

'மூணு பேரையும் நம்பரோட எழுதி அனுப்பு. ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரம் போறப்ப மூணு பேருக்கும் சேர்த்துக் குடுத்துருவோம்.'

'மத்த ரெண்டு பேரு யாரோ எவரோப்பா?'

'இருக்கட்டும்டா. அவுகளுக்கு யாரு குடுத்திருக்கப் போறா?'

டிக்கெட் செக்கர் வந்து நின்றார். போனைக் காதிலிருந்து எடுக்காமலே பையன் இன்னொரு கையால் பாக்கெட்டைத் துழாவிக்கொண்டிருந்தான். டிக்கெட் என்னிடம்தான் இருந்தது, இரண்டையும் நீட்டினேன்.